தேய்ந்த பழம்பாணி எழுத்துரு படுத்துகிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

தடித்த உடம்பு, ஆங்காங்கே மை பிடிக்காத திட்டுகள், மழுங்கிய மூலைகள். இப்படிப்பட்ட பழம்பாணித் தலைப்பு எழுத்துருக்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. போஸ்டரோ, புத்தக அட்டையோ, டி-ஷர்ட்டோ, மூன்று சொற்களை இந்த எழுத்தில் அடித்தாலே பக்கத்துக்கு ஒரு வயதும் குரலும் வந்துவிடும். ஆனால் சாதாரண எழுத்துருவில் தலைகாட்டாத சிக்கல்கள் எல்லாம் இதில் வரும். காரணம், இங்கே இரண்டு பொருள்கள் ஒன்றாக ஒட்டியிருக்கின்றன: எழுத்தின் வடிவம் ஒன்று, அதன் மேல் உள்ள தேய்மானம் இன்னொன்று. கோளாறு எதில் என்று தெரியாமல் கண்ணில் பட்ட அமைப்பை எல்லாம் மாற்றிப் பார்ப்பதில்தான் பொழுது போகிறது.

அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் சோதனை ஒன்றுதான். அதே குடும்பத்தில் தேய்மானம் இல்லாத பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ‘கிளீன்’, ‘சாலிட்’, ‘ரெகுலர்’ என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். தேய்ந்தது ‘ரஃப்’, ‘பிரஸ்’, ‘வோர்ன்’ என்று இருக்கும். சுத்தமான பதிப்பை மாற்றிப் போட்டதும் சிக்கல் மறைந்தால் தேய்மானத்தில் கோளாறு. மறையாவிட்டால் எழுத்துருக் கோப்பிலோ மென்பொருள் அமைப்பிலோ கோளாறு. குடும்பத்தில் சுத்தமான பதிப்பே இல்லையென்றால், ஏறக்குறைய அதே தடிமன் உள்ள வேறொரு எழுத்துருவை வைத்துப் பார்த்தாலும் போதும்.

## ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால் கீறலும் அதே இடத்தில் வருகிறது

ஆங்கில ‘ஓ’ இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டுக்கும் இடது தோளில் ஒரே வெட்டு, அடியில் ஒரே மூன்று பொத்தல். பார்ப்பவர் கண்ணுக்கு இது உடனே பட்டுவிடும். பழைய அச்சகத்தில் ஒரு வரியில் வரும் இரண்டு ‘ஓ’வும் இரண்டு தனித்தனி அச்சுக் கட்டைகள். ஒவ்வொன்றும் தனியாக அடிபட்டிருக்கும், தனியாகத் தேய்ந்திருக்கும். கீறல் அச்சு அசலாகத் திரும்ப வந்தால் அந்த நம்பிக்கை அங்கேயே போய்விடுகிறது.

முதலில் வடிவமைப்பு மென்பொருளில் எழுத்துருவின் கூடுதல் வசதிகளைக் காட்டும் ஓப்பன்டைப் பலகையைத் திறந்து ‘கான்டெக்ஸ்சுவல் ஆல்டர்நேட்ஸ்’ இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல எழுத்துருக்களில் ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு மூன்று வடிவங்கள் வரைந்திருப்பார்கள். இந்த வசதி அவற்றை மாற்றி மாற்றிப் போடும். இயக்கத்தில் இருந்தும் மாறவில்லையென்றால் எழுத்துருவில் உள்ள எல்லா வடிவங்களையும் காட்டும் கிளிஃப் பலகையைத் திறந்து, மாற்று வடிவம் உண்மையிலேயே இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பெரிய எழுத்து மட்டுமே உள்ள ஆங்கில எழுத்துருக்களில், சின்ன எழுத்தின் இடத்தில் அதே பெரிய எழுத்தை வேறு கீறல்களோடு வைத்திருப்பார்கள். அதாவது ஷிஃப்டோடு ஒரு முறை, ஷிஃப்ட் இல்லாமல் ஒரு முறை அடித்தால் இரண்டு வெவ்வேறு தேய்மானம் கிடைக்கும். ஆனால் நீங்கள் ‘ஆல் கேப்ஸ்’ பொத்தானை அழுத்தியிருந்தால், மென்பொருள் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக மாற்றி அந்த வேறுபாட்டை அழித்துவிடும். இணையப் பக்கத்தில் ‘டெக்ஸ்ட்-டிரான்ஸ்ஃபார்ம்: அப்பர்கேஸ்’ செய்வதும் இதே வேலைதான். பொத்தானை எடுத்துவிட்டுக் கையால் மாற்றி மாற்றி அடியுங்கள்.

மாற்று வடிவமே இல்லையென்றால் எழுத்துகளை அவுட்லைன் (தட்டச்சு உரையாக இல்லாமல் வெறும் வரைகோட்டு வடிவம்) ஆக்கிவிட்டு இரண்டாவதைக் கையால் திருத்த வேண்டியதுதான். ‘ஓ’, ‘ஐ’ போன்ற சமச்சீரான ஆங்கில எழுத்துகளை 180 பாகை திருப்பினால் கீறல் இடம் மாறிவிடும். ‘எஸ்’, ‘எக்ஸ்’ எழுத்துகளில் இதைச் செய்யாதீர்கள். அவற்றின் மேல்பாதி கீழ்ப்பாதியைவிடச் சற்றுச் சிறியதாக வரையப்பட்டிருக்கும். திருப்பினால் தலைகனத்து நிற்கும்.

இந்தச் சிக்கலுக்கு விடை தேடியவர்கள் முன்பே உண்டு. எரிக் வான் பிளாக்லாண்ட், யுஸ்ட் வான் ராசம் என்ற இரு நெதர்லாந்து வடிவமைப்பாளர்கள் உருவாக்கி 1990-இல் வெளியான ‘பீவுல்ஃப்’ எழுத்துரு, அச்சாகும் ஒவ்வொரு முறையும் எழுத்தின் விளிம்புப் புள்ளிகளைத் தற்செயலாக நகர்த்திவிடும். ஒரே பக்கத்தில் இரண்டு எழுத்து ஒரே மாதிரி விழாது. இன்றைய மென்பொருள்கள் அந்த முறையை ஆதரிப்பதில்லை. ஆனாலும் அது எழுப்பிய கேள்வி இன்னும் நம் முன்னால் இருக்கிறது.

## தலைப்பும் துணைத்தலைப்பும் ஒரே எழுத்துருதான், ஆனாலும் ஒட்டவில்லை

என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட அடிக்கடி வரும் கோளாறு இது. காரணம் தெரியாமலே பலர் எழுத்துருவையே மாற்றிவிடுகிறார்கள்.

தலைப்பு 200 புள்ளி அளவு, துணைத்தலைப்பு 40 புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துருவுக்குள் இருக்கும் கீறலும் எழுத்தோடு சேர்ந்தே பெரிதாகும். ஆகவே தலைப்பில் உள்ள பொத்தல், துணைத்தலைப்பில் உள்ள பொத்தலைப்போல ஐந்து மடங்கு. நிஜ உலகில் அப்படி நடக்காது. காகிதத்தின் நார், மையின் திரிதிரியான படிவு, கட்டையில் விழுந்த சிராய்ப்பு எல்லாவற்றுக்கும் அவற்றுக்கென்று ஓர் அளவு உண்டு. பெரிய எழுத்தை அச்சடித்தால் பொத்தல் பெரிதாகாது, எண்ணிக்கைதான் கூடும்.

தீர்வு இதுதான்: பக்கத்தில் உள்ள எல்லா எழுத்துகளையும் சுத்தமான பதிப்பில் அடியுங்கள். அப்புறம் ஒரே ஒரு டெக்ஸ்ச்சர் படத்தை (கீறலும் பொத்தலும் மட்டும் உள்ள படம்) எடுத்து, எல்லாவற்றின் மேலும் ஒரே அளவில் மாஸ்க்காக, அதாவது பொத்தல் உள்ள இடத்தில் எழுத்தை மறைக்கும் திரையாக, போடுங்கள். தலைப்பு, துணைத்தலைப்பு, சட்டம், சின்னச் சின்ன அலங்காரம் எல்லாம் ஒரே தாளில், ஒரே மையில் அச்சானதுபோல ஒட்டிவிடும். முன்பு சொன்ன இரட்டை எழுத்துச் சிக்கலும் இதிலேயே தீர்ந்துவிடும். ஏனென்றால் ஒவ்வொரு எழுத்தின் மேலும் டெக்ஸ்ச்சரின் வேறு வேறு பகுதி விழுகிறது.

மாஸ்க் போட வழியில்லை, எழுத்துருவை மட்டும்தான் பயன்படுத்த முடியும் என்றால், தேய்ந்த பதிப்பைப் பக்கத்தில் ஒரே அளவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை சுத்தமாக இருக்கட்டும். சுவர் அளவு பேனருக்குப் பெரிதாக்கும்போது கீறல்களின் ஓரம் கோணல்மாணலான கோடுகளாகத் தெரிவதும் இதே நோய்தான். அந்த எழுத்துரு அவ்வளவு பெரிய அளவை நினைத்து வரையப்பட்டதல்ல.

## பொத்தல்கள் அடைந்து எழுத்து வீங்கித் தெரிகிறது

வடிவமைப்பில் நன்றாக இருந்தது, இணையப் பக்கத்தில் போட்டதும் குண்டாகி, நுண்கீறல்கள் எல்லாம் மூடிக்கொண்டன. இது போலித் தடிமன். இந்த வகை எழுத்துருக்களில் பெரும்பாலும் ஒரே ஒரு தடிமன்தான் இருக்கும். கோப்பு அதைச் ‘சாதாரணம்’ என்றே பதிந்திருக்கும். இணையப் பக்கத்தின் தலைப்புகளோ தாமாகவே ‘போல்டு’ கேட்கும். கேட்ட தடிமன் கோப்பில் இல்லாததால் பிரவுசரே எழுத்தைப் பருமனாக்கி ஒப்பேற்றிவிடுகிறது.

தலைப்புக்கு ‘ஃபாண்ட்-வெயிட்’ மதிப்பை 400 என்று கொடுங்கள். ‘ஃபாண்ட்-சிந்தசிஸ்: நன்’ என்று ஒரு வரி சேர்த்தால் பிரவுசர் இந்த வேலையைச் செய்வதை மொத்தமாக நிறுத்திவிடலாம். சொற்செயலியில் என்றால், போல்டு பொத்தானை எடுத்துவிட்டால் சரி. சாய்வெழுத்துக்கும் இதே கதைதான்.

எழுத்தின் தலையோ காலோ வெட்டுப்பட்டுத் தெரிந்தால் அது வேறு. எழுத்துருவின் உயர அளவுகளைச் சரியாகப் பதியாமல் விட்டிருப்பார்கள். வரி உயரத்தைக் கூட்டி, பெட்டிக்கு மேலும் கீழும் கொஞ்சம் இடம் விடுங்கள்.

## ஓரக்கோடு கொடுத்தால் ஒவ்வொரு பொத்தலைச் சுற்றியும் கோடு வருகிறது

மென்பொருளைப் பொறுத்தவரை பொத்தலும் ஒரு விளிம்புதான். அதனால் ஸ்ட்ரோக், நிழல், எம்பாஸ் எதைக் கொடுத்தாலும் எழுத்து முழுவதும் கொப்புளித்ததுபோல் ஆகிவிடும். சுத்தமான பதிப்பைக் கீழே ஒரு லேயரில் வைத்து, ஓரக்கோட்டையும் நிழலையும் அதற்குக் கொடுங்கள். தேய்ந்த எழுத்து மேலே எந்த எஃபெக்டும் இல்லாமல் நிற்கட்டும். சுத்தமான பதிப்பு இல்லையென்றால் தேய்ந்த எழுத்தின் நகலை அவுட்லைன் ஆக்கி, உள் பொத்தல்களை அழித்து, அதைக் கீழ் லேயராக்குங்கள். அழிக்கும்போது எழுத்தின் நிஜமான உள்வெளியை (‘ஓ’வின் நடு ஓட்டை போன்றது) சேர்த்து அழித்துவிடாதீர்கள்.

புகைப்படத்தின் மேல் எழுத்தை வைத்ததும் பொத்தல்கள் வழியே படம் தெரிந்து குழப்புகிறது என்றாலும் மருந்து இதுவே. கீழ் லேயருக்குக் காகித நிறமோ மங்கலான ஒரு நிறமோ கொடுத்துவிடுங்கள்.

## மென்பொருள் திணறுகிறது, அச்சுக் கருவி நின்றுவிடுகிறது

சாதாரண ‘ஓ’வின் விளிம்பை வரையச் சில பத்துப் புள்ளிகள் போதும். கீறல் நிறைந்த ‘ஓ’வுக்கு ஆயிரக்கணக்கில் ஆகலாம். போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பக்க விவரிப்பு மொழியில் இயங்கிய பழைய அச்சுக் கருவிகளில் ஒரு பாதைக்கு (ஒரு விளிம்புக்கோட்டுக்கு) 1500 புள்ளிகள் என்ற வரம்பு இருந்தது. அதைத் தாண்டினால் ‘லிமிட்செக்’ பிழை காட்டி நிற்கும். இன்றைய கருவிகள் தாங்கும், ஆனாலும் ஒரு பத்தி முழுக்க இந்த எழுத்தில் அடித்தால் எந்தக் கணினியும் மெதுவாகும். முதலில் கேட்க வேண்டியது: இவ்வளவு சொற்கள் இந்த எழுத்தில் இருக்கத்தான் வேண்டுமா? தலைப்பு எழுத்துரு தலைப்புக்கு உரியது.

வேண்டும்தான் என்றால், ‘சிம்ப்ளிஃபை’ கருவியைக் கொண்டு புள்ளிகளைக் குறைக்கலாம். அளவு இறுதியானபின் 1200 பிபிஐ-யில் (அங்குலத்துக்கு 1200 பிக்சல்), கறுப்பு வெள்ளை மட்டும் உள்ள பிட்மேப் படமாக மாற்றினால் இன்னும் நல்லது. இணையத்துக்கு, பயன்படுத்தும் எழுத்துகளை மட்டும் பிரித்தெடுத்து வோஃப்2 என்ற சுருக்கப்பட்ட இணைய எழுத்துருக் கோப்பாக்குங்கள். ஒரே ஒரு தலைப்புச் சொல்லுக்காக மொத்த எழுத்துருவையும் வாசகரின் கைபேசியில் இறக்கக் கூடாது.

## அச்சில் கீறல் காணாமல் போகிறது, அல்லது அதன் ஓரத்தில் நிறம் கசிகிறது

இரண்டும் வேறு வேறு நோய். முதலாவது மை பரவல். மை காகிதத்தில் பட்டதும் சற்று விரியும். பூச்சு இல்லாத காகிதத்தில் இன்னும் அதிகமாக விரியும். இறுதி அளவில் 0.2 மில்லிமீட்டருக்குக் கீழே உள்ள பொத்தல்களை நான் நம்புவதில்லை. அவற்றை நீக்கிவிட்டு, இருப்பதைச் சற்றே பெரிதாக்குவது நல்லது. திரையில் பெரிதாக்கிப் பார்த்து முடிவெடுக்காமல், உண்மை அளவில் ஒரு பிரின்ட் எடுத்துப் பாருங்கள்.

நிறம் கசிவது நான்கு வண்ணக் கறுப்பால். சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு நான்கையும் கலந்து கறுப்பு உண்டாக்கியிருந்தால், ஒவ்வொரு பொத்தலும் நான்கு பிளேட்டிலும் அதே இடத்தில் விழ வேண்டும். ஒன்று இம்மி நகர்ந்தாலும் பொத்தலின் ஓரத்தில் நீலமோ சிவப்போ எட்டிப் பார்க்கும். கறுப்பு எழுத்து என்றால் கறுப்பு பிளேட்டில் மட்டும் 100 விழுக்காடு. வேறு நிறம் என்றால், முடிந்தால் ஸ்பாட் கலர், அதாவது முன்பே கலந்து வைத்த ஒரே மை. பழங்கால போஸ்டர்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு மையில்தான் அச்சாயின. அதனால் இப்படிச் செய்வது தொழில்நுட்பத்துக்கும் நல்லது, தோற்றத்துக்கும் நல்லது.

கீறலின் விளிம்பு கூர்மையாக இல்லாமல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால், உங்கள் டெக்ஸ்ச்சரில் சாம்பல் நிறம் கலந்திருக்கிறது. அச்சில் சாம்பல் என்பது ஹாஃப்டோன் எனப்படும் சின்னச் சின்ன மைப்புள்ளிகள்தான். ‘த்ரெஷோல்ட்’ கொடுத்து டெக்ஸ்ச்சரை வெறும் கறுப்பு வெள்ளையாக்கிவிடுங்கள்.

காகிதம் அல்லாத பரப்பில் கட்டுப்பாடு இன்னும் இறுகும். ஸ்க்ரீன் பிரிண்டிங்கில், சென்டிமீட்டருக்கு 43 நூல் உள்ள மெஷ்ஷில் (மை வழிந்து இறங்கும் வலைத்துணி) நுண்கீறல் நிற்காது. 90 நூல் உள்ளது ஓரளவு தாங்கும். வினைல் வெட்டும்போது கத்தி ஒவ்வொரு பொத்தலையும் சுற்றி வர வேண்டும், அப்புறம் ஒவ்வொன்றையும் ஊசியால் குத்தி எடுக்க வேண்டும். சின்னத் துணுக்குகள் ஒட்டாமல் பெயர்ந்தும் வரும். வினைலுக்குச் சுத்தமான பதிப்புதான் என்பது என் முடிவு. எம்பிராய்டரிக்கும் அப்படியே. வழக்கமான 40-ஆம் எண் நூலின் தடிமனே ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர், அதற்குள் கீறல் எங்கே வரையப்போகிறோம்?

## திரையில் சின்னதாக்கினால் அழுக்காகத் தெரிகிறது

பொத்தல் ஒரு பிக்சலைவிடச் சிறிதாகிவிட்டால் திரை அதைச் சாம்பலாக்கிக் காட்டும். எழுத்து மங்கிப்போகும். வாசிப்பு எளிமைக்கான இணைய விதிகள் சாதாரண எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 என்ற நிற வேறுபாட்டைக் கேட்கின்றன. ஆனால் அதை அளக்கும் கருவிகள் நீங்கள் கொடுத்த இரண்டு நிறங்களைத்தான் பார்க்கும், பொத்தல்களைப் பார்க்காது. கருவி ‘சரி’ என்றாலும் கண்ணுக்குச் சரியாக இருக்காது. எழுத்தில் பாதி பொத்தல் என்றால், தேவைக்கு மேலேயே வேறுபாடு வைத்துக்கொள்ளுங்கள். ஐகான் அளவுக்கு இறங்கினால் சுத்தமான பதிப்புக்கு மாறிவிடுங்கள்.

ஜேபெக் படத்தில் கீறலைச் சுற்றி அழுக்குப் படிந்தால் பிஎன்ஜி-க்கு மாறுங்கள். பதிவேற்றும் தளம் காட்டும் அதே பிக்சல் அளவில் ஏற்றுமதி செய்யுங்கள். வீடியோவில் எழுத்து மெதுவாக நகரும்போது கீறல்கள் மினுக்கினால், டெக்ஸ்ச்சரை எழுத்திலிருந்து பிரித்துத் திரையோடு நிலைநிறுத்துங்கள். அல்லது நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் படத்தில் இரண்டு மூன்று ஃப்ரேமுக்கு ஒரு முறை டெக்ஸ்ச்சரை மாற்றுங்கள். மினுக்கல் அப்போது பழைய படச்சுருளின் துடிப்புபோல் வேண்டுமென்றே வைத்ததாகிவிடும்.

## கட்டம் கட்டமாக வருகிறது, தமிழ் எழுத்து உடைகிறது

கட்டம் வந்தால் அந்த எழுத்துருவில் அந்த எழுத்து இல்லை என்று பொருள். தேய்ந்த எழுத்துருக்களில் பல ஆங்கில எழுத்துகளோடு நின்றுவிடும்; எண்களும் நிறுத்தற்குறிகளும் நாணயக் குறிகளும்கூட விடுபட்டிருக்கலாம். சில மென்பொருள்கள் கட்டம் காட்டாமல் வேறொரு எழுத்துருவை இட்டு நிரப்பும். அப்போது தேய்ந்த வரிக்கு நடுவே ஒரே ஒரு எண் மட்டும் பளிச்சென்று நிற்கும். எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் முன்பே உங்களுக்கு வேண்டிய எல்லாக் குறிகளையும் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

கொம்பும் காலும் பிரிந்து இடம் மாறி நின்றால் எழுத்துருவைக் குறை சொல்லாதீர்கள். மென்பொருளின் எழுத்து அமைப்பில் ‘வேர்ல்ட்-ரெடி’ என்ற தேர்வை இயக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். எழுத்துருவை மாற்றியதும் தமிழ் முழுவதும் ஆங்கிலக் கிறுக்கலாக மாறினால், அது யூனிகோடுக்கு முந்தைய குறியாக்கத்தில் அடித்த உரை. முதலில் மாற்றிக் கருவியில் கொடுத்து யூனிகோடு ஆக்க வேண்டும்.

தேய்ந்த தமிழ் எழுத்துரு கிடைக்காதபோது, தடித்த தமிழ் எழுத்துரு ஒன்றை எடுத்து அதன் மேல் டெக்ஸ்ச்சர் மாஸ்க் போடுவதே நல்ல வழி. ஆனால் இங்கே ஆங்கிலத்துக்கு இல்லாத ஓர் ஆபத்து இருக்கிறது. தமிழில் புள்ளி என்பதே எழுத்தின் பகுதி. ஒரு பொத்தல் மெய்யெழுத்தின் புள்ளியைத் தின்றுவிட்டால் ‘பட்டம்’ ‘படடம்’ ஆகிவிடும். மைத்துளி ஒன்று தவறான இடத்தில் சிதறினால் உயிர்மெய்க்குப் புள்ளி முளைத்துவிடும். சுழி தேய்ந்தால் ‘கீரி’ ‘கிரி’யாகும், ‘ர’வின் கீழ்வால் அழிந்தால் அது வெறும் காலாகிவிடும். ஆகவே மாஸ்க் போட்டதும் ஒவ்வொரு எழுத்தாகப் போய், புள்ளி, கொம்புச் சுழி, விசிறி, வால் இருக்கும் இடங்களில் பிரஷ்ஷால் டெக்ஸ்ச்சரை அழித்துவிடுங்கள். தேய்மானம் தடித்த தண்டுகளிலும் அகலமான வளைவுகளிலும் இருக்கட்டும்.

## பிடிஎஃப் வேறு கணினியில் வேறு எழுத்தாகத் திறக்கிறது

எழுத்துரு பிடிஎஃப்-க்குள் பதியவில்லை. பதிவதற்கான அனுமதியையே சில எழுத்துருக்கள் தடுத்து வைத்திருக்கும். உரிமத்தைப் படித்துப் பார்த்து, அனுமதி இருந்தால் அனுப்பும் நகலில் மட்டும் அவுட்லைன் ஆக்குங்கள். திருத்தக்கூடிய மூலக் கோப்பு உங்களிடம் இருக்கட்டும். ‘தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று இலவசமாகக் கிடைத்ததை வணிக வேலையில் போட முடியாது. இணையத்துக்குப் பெரும்பாலும் தனி உரிமம் வேண்டும்.

## எல்லாம் சரி, ஆனாலும் பழசாகத் தோன்றவில்லை

தொழில்நுட்பக் கோளாறு எதுவும் இல்லை, ஆனாலும் போலியாகத் தெரிகிறது. அப்போது கேட்க வேண்டிய கேள்வி: இந்தத் தேய்மானம் எதனால் வந்தது?

மர அச்செழுத்து என்றால், 1827-இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் இயந்திரத்தில் கடையத் தொடங்கிய காலத்திலிருந்து, பெரும்பாலும் மேப்பிள் போன்ற கடின மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில்தான் செதுக்கினார்கள். நீளவாக்கில் ஓடும் பலகை வரிகள் அந்த முகத்தில் இருக்காது. ஆகவே எழுத்து முழுக்க நீளமாகப் பலகை வரி ஓடும் டெக்ஸ்ச்சர் மர அச்சின் தோற்றத்தைத் தராது. அங்கே வர வேண்டியவை அடிபட்ட மூலைகள், பள்ளத்தில் மை எட்டாத திட்டுகள், அழுத்தத்தில் மை ஓரத்துக்கு ஒதுங்கி உண்டான அடர் விளிம்பு. ரப்பர் முத்திரையில் ஒரு பக்கம் அழுத்தமாகவும் மறுபக்கம் வெளிறியும் இருக்கும். ஒளிநகல் என்றால் கறுப்பின் நடுவே வெளுத்து, வெள்ளையில் தூசிப் புள்ளிகள் விழும். இந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் கலந்தால் எந்தக் காலமும் தெரியாது.

அடுத்ததாக, தேய்ந்த எழுத்தின் பக்கத்தில் என்ன நிற்கிறது என்று பாருங்கள். மென்மையான கிரேடியன்ட், மங்கலான நிழல், கூர்மையான ஐகான், பளபளக்கும் வெள்ளைப் பின்னணி இவற்றில் ஒன்று இருந்தாலும் எழுத்து மட்டும் வேடம் போட்டதுபோல் ஆகிவிடும். கோடுகளுக்கும் சட்டத்துக்கும் அதே மாஸ்க்கைக் கொடுங்கள்; நிறங்களை இரண்டு மூன்றுக்குள் அடக்குங்கள்; கறுப்பைச் சற்றே பழுப்புப் பக்கம் தள்ளுங்கள் (அச்சில் என்றால் நான்கு மையைக் கலக்காமல், ஸ்பாட் கலராக). எழுத்துகளை நெருக்கமாக வையுங்கள்.

அப்படியும் போலியாகத் தெரிந்தால் தேய்மானத்தின் அளவைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அளவு கூடிப்போனதுதான் காரணமாக இருக்கும். லோகோவாக இருந்தால் சுத்தமான வடிவத்தை மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். தேய்ந்ததை, எந்த அளவுக்கு மேல் பயன்படுத்தலாம் என்று கோப்பின் பெயரிலேயே குறித்து, தனியாகக் கொடுங்கள்.